தன்னையே கூப்பிட்ட கோபுரம்

நான் ஓய்வு பெற்ற மாதத்தில், துறையின் இளம் ஆசிரியை ரம்யா ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். ஓய்வு பெறுபவர்களிடம் கட்டுரை கேட்பது ஒரு மரியாதை. அதைப் படிக்காமல் இருப்பது இன்னொரு மரியாதை.

"மேடம், கம்ப்யூட்டரே சரியா இல்லாத காலத்துல ரிகர்ஷன் எல்லாம் எப்படி நடத்துனீங்க? அதை எழுதுங்க. பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார்.

அந்த வாரம்தான் ஆய்வகத்தில் ஒரு மாணவன் நட்சத்திரக் குறிகளால் ஆன முக்கோணம் ஒன்றைத் திரையில் காட்டினான். அதற்கான நிரலை, அதாவது புரோகிராமை, எழுதியது அவனுடைய கைபேசி. "இது எங்கப்பா நிக்கும்?" என்று கேட்டேன். "அதுவே நின்னுக்கிடும் மேடம்" என்றான். முழு மதிப்பெண் போட்டேன். முக்கோணம் சரியாகத்தான் இருந்தது.

ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணிதம் படித்தேன். வேலை கிடைக்காத நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகம் வெளியிட்ட வாரத்தாளில் உள்ளூர்ச் செய்தி எழுதினேன். யார், எங்கே, எப்போது, என்ன ஆயிற்று. இவை போக மீதியை ஆசிரியர் அடித்துவிடுவார். வாரத்தாள் நின்றுபோனதும் மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாஸ்கல் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் மகாலிங்கம் சாருடைய கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன்.

கம்ப்யூட்டர் சென்டர் என்பது பெயர்ப்பலகையில்தான். கொஞ்ச காலம் முன்புவரை அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பலகையில் 'டைப்ரைட்டிங்' என்ற சொல்லின் மேல் வெள்ளை பூசி 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருந்தார்கள். வெயில் ஏறினால் பழைய எழுத்து அடியில் தெரியும். கீழே பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம். மாடியில் சுவரோரமாக டைப்ரைட்டர்கள் வரிசையாக நிற்க, நடுவில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை இருந்தது. அங்கே இன்னொரு கம்ப்யூட்டர். பிரிண்டர் மட்டும் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒன்று. கீழ்க்கடை பேண்டேஜ் துணியில் சுற்றப்பட்டு, பஸ்ஸில் யாராவது ஒருவர் மடியில் உட்கார்ந்து அது ஊர் மாறும். ஒருமுறை வன்னியம்பட்டி விலக்கில் கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டு, "யாருக்குக்கா அடி?" என்று கேட்டார்.

மகாலிங்கம் சார் ஊரில் பாதி அலுவலகங்களுக்கு டைப்பிஸ்டுகளைத் தயாரித்து அனுப்பியவர். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா, கையில் அரையடி ஸ்கேல். கம்ப்யூட்டரை அவர் விலை கூடிய டைப்ரைட்டர் என்று கருதினார். தன் பழைய விதிகளில் எதையும் அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. டைப் அடிப்பவரின் கண் மூலப்படியில்தான் இருக்க வேண்டும்; விரலையும் பார்க்கக் கூடாது, அடித்ததையும் பார்க்கக் கூடாது. டைப்ரைட்டிங்குக்கு இது நல்ல விதி. அதை நீட்டி, கம்ப்யூட்டர் திரைமீது ஒரு பச்சைத் துணியைப் போர்த்தியிருந்தார். மாணவர்கள் திரையைப் பார்க்காமல் நிரல் அடித்தார்கள்.

கம்ப்யூட்டரில் முறை கிடைக்காதவர்கள் நிரலை டைப்ரைட்டரில் அடித்துப் பழகினார்கள். அந்த நிரல் என்ன வடிவத்தை அச்சிட வேண்டுமோ, அந்த வடிவத்தையும் டைப்ரைட்டரிலேயே அடித்து எதிர்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். நட்சத்திரக் குறியால் முக்கோணம், சதுரம், கோபுரம் என்று அடிப்பது டைப்ரைட்டிங் மாணவர்களுக்குக் கைவந்த விஷயம். ஆக, எங்கள் சென்டரில் நிரல் ஓடாமலே விடை வந்துகொண்டிருந்தது. இந்த வசதி பெரிய நகரங்களில்கூட இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவர் தாள் திருத்தும் முறையைச் சொல்ல வேண்டும். மேசையில் இடது பக்கம் மூலப்படி, வலது பக்கம் மாணவரின் தாள். ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாய் இறுக மூடியிருக்கும். மூக்கில் மூச்சு மட்டும் கேட்கும். ஒரு வரி ஒத்துப்போனால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். அவர் படிப்பதில்லை, ஒப்பிடுவார். சொல் விட்டுப்போனால் சிவப்பு வட்டம். எழுத்து மாறினால் அடிக்கோடு. ஒரே சொல் தேவையில்லாமல் இரண்டாம் முறை வந்தால் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. இதற்கு அவர் வைத்த பெயர் 'ரிப்பீட்டு'. தவறுகளில் அவர் மன்னிக்காதது அது ஒன்றுதான்.

"எழுத்தை மாத்தி அடிக்கிறவன் அவசரக்காரன். ரிப்பீட்டு அடிக்கிறவன் தூங்குறவன்" என்பார்.

நிரல்களில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும் என்பதை அவர் சிரமப்பட்டு ஏற்றுக்கொண்டார். அது அந்த மொழியைச் செய்தவர்களின் சொல்வளக் குறைவு என்று நினைத்தார். ஆனால் தலைப்பில் வைத்த பெயர் மறுபடி உள்ளே வருவதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. கடிதத்துக்கு மேலே முகவரி எழுதினால் நடுவிலும் எழுதுவோமா என்று கேட்டார்.

ரிகர்ஷன் என்பது, துரதிர்ஷ்டவசமாக, தலைப்பில் வைத்த பெயர் மறுபடி உள்ளே வருவதுதான்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உச்சியில் ஒரு நட்சத்திரம், அடுத்த வரியில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று இறங்கும் ஒரு முக்கோணம். கோபுரத்தை நெடுக்காகப் பாதியாய் அறுத்தது போலிருக்கும். நிரலின் பெயரும் கோபுரம்தான். 'பத்து வரிக் கோபுரம் கட்டு' என்று அதற்குச் சொன்னால், அது தானாக எதையும் உடனே அச்சிடாது. முதலில் 'ஒன்பது வரிக் கோபுரம் கட்டு' என்று தன்னையே கூப்பிடும். அது முடியும்வரை காத்திருந்து, பிறகு அடியில் பத்து நட்சத்திரங்களை அடிக்கும். ஒன்பதும் அப்படியே எட்டைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும். பூஜ்யம் வந்ததும் 'ஒன்றும் செய்ய வேண்டாம், திரும்பிப் போ' என்று ஒரு வரி இருக்கும். நிரலின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது: தன்னைக் கூப்பிடும் வரி ஒன்று, நிறுத்தும் வரி இன்னொன்று.

மதுரைப் பயிற்சி நிலையத்திலிருந்து வந்த பாடக் குறிப்பில் இரண்டும் இருந்தன. மாணவர்களுக்கு சைக்ளோஸ்டைல் பிரதி எடுப்பதற்காக ஸ்டென்சில் தாளில் அதை அடித்தபோது, கோபுரம் என்ற பெயர் உள்ளேயும் வருவதை மகாலிங்கம் சார் பார்த்துவிட்டார். குறிப்பை அடித்த மதுரைக்காரர் தூங்கியிருக்கிறார் என்று முடிவு செய்து, அந்த வரியை நீக்கிவிட்டார். அதன் பிறகு சென்டரின் மூலப்படி அதுதான்.

சேர்ந்த புதிதிலேயே இதை அவரிடம் சொன்னேன்.

"சார், அந்த வரி இல்லன்னா கடைசி வரி மட்டும்தான் அச்சாகும். கோபுரம் வராது."

"வந்திருக்கேம்மா" என்று, மாணவர்கள் டைப்ரைட்டரில் அடித்து ஒட்டியிருந்த கோபுரங்களை விரித்துக் காட்டினார். உண்மையிலேயே அழகான கோபுரங்கள்.

"அது மிஷின் போட்டது இல்ல சார்."

"டைப்ரைட்டரும் மிஷின்தானம்மா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒருத்தன் தன் பேரைத் தானே சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா ஊருல அவனை என்ன சொல்லுவாக? நம்ம சென்டருக்கு அந்தப் பேரு வேண்டாம்" என்றார்.

நான் கரும்பலகையில் சரியான நிரலை எழுதி நடத்தினேன். மாணவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மூலப்படியை மனப்பாடம் செய்தார்கள். மதிப்பெண் இருந்த இடம் அது.

இந்த நேரத்தில்தான் ஒரு நூற்பாலையிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் பயிற்சிக்கு வந்தார்கள். காதர் மைதீன், சீனிவாசன். இருவரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். தொழிலாளர் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆலை கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது. டைம் ஆபீஸை எடுத்துவிடப் போகிறார்கள். இருவரில் தேறுகிற ஒருவருக்குக் கம்ப்யூட்டர் அறையில் இடம். மற்றவர் புளோரூமுக்குப் போக வேண்டும்.

புளோரூம் என்பது பஞ்சுப் பொதிகளைப் பிரித்து இயந்திரத்தில் உதறுகிற இடம். காதர் பாய்க்கு அது புதிதில்லை. இளவயதில் அங்கேதான் வேலை பார்த்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்ததால், டாக்டர் எழுதிக் கொடுத்ததன்பேரில் டைம் ஆபீஸுக்கு மாற்றினார்கள். எங்கள் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்ததும் அவர் மூச்சு அடங்கும்வரை வகுப்பு காத்திருக்கும்.

"மறுபடி அங்கன போனா, டீச்சர், ரிட்டயர் ஆக எத்தனை வருஷம்னு எண்ண வேண்டியதில்ல. எத்தனை மூச்சுன்னு எண்ணுனாப் போதும்" என்று ஒருநாள் சொன்னார். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஆலையின் நேரப் பட்டியலை வாசிப்பது போலச் சொன்னார்.

சீனிவாசன் டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை தேறியவர். அவர் அடித்தால் கீழே பேண்டேஜ் கடையில் மழை என்று நினைப்பார்கள். காதர் பாய்க்கு இரண்டு விரல்தான். அதிலும் ஒரு விரல் மற்றதைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கும்.

"பாய், நீங்க ஒரு வரி அடிக்கதுக்குள்ள நான் போயி டீ குடிச்சிட்டு வந்துருவேன்" என்பார் சீனிவாசன்.

"குடிச்சிட்டு வாலே. டீயவாவது கண்ணால பார்த்துக் குடி" என்பார் காதர் பாய், திரைமீதிருந்த பச்சைத் துணியைக் காட்டி.

காதர் பாயின் பெரிய குறை, அவருக்கு மனப்பாடம் வராது. சில வரிகளுக்கு மேல் தலையில் நிற்காது. சென்டரில் எல்லோரும் தவிர்த்துவந்த கடைசி வழிக்கு அவர் இதனால் தள்ளப்பட்டார்: நிரலைப் புரிந்துகொள்வது.

அவருடைய முதல் முயற்சி பிரிண்டர் எங்கள் ஊரில் இருந்த நாளில் நடந்தது. அச்சிடும் வரியை முதலிலும் கூப்பிடும் வரியைப் பிறகும் போட்டிருந்தார். நிறுத்தும் வரியை மறந்துவிட்டார். பிரிண்டர் தலைகீழாக ஒரு கோபுரத்தை அடித்தது. அகலமான அடி மேலே, ஒற்றை நட்சத்திரம் கீழே. பிறகும் நிற்கவில்லை. நட்சத்திரம் தீர்ந்துபோனதால் வெற்றுத் தாளாகத் தள்ள ஆரம்பித்தது. தாள் மேசையிலிருந்து இறங்கி, தரையில் மடிந்து, கண்ணாடித் தடுப்பைத் தாண்டிச் செருப்புகளின் மேல் ஏறியது. மகாலிங்கம் சார் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"என்னவே இது? கோபுரம்தான் முடிஞ்சிருச்சே, பொறவும் என்ன வருது?"

"இப்பம் அஸ்திவாரம் தோண்டுது சார்" என்றார் காதர் பாய்.

அடுத்த வகுப்புக்கு வந்ததும் என்னிடம், "டீச்சர், எனக்குப் பிடிபட்டுருச்சு. இது எங்க மில்லுல நடக்கதுதான்" என்றார். "மேனேஜருக்கு ஒரு வேலை ஆகணும். அவரு செய்ய மாட்டாரு, சூப்பர்வைசரைக் கூப்பிடுவாரு. சூப்பர்வைசர் மேஸ்திரியைக் கூப்பிடுவாரு. மேஸ்திரி ஹெல்பரைக் கூப்பிடுவான். ஹெல்பருக்குக் கூப்பிட ஆளில்ல. அங்கதான் நிக்கும். அவன் துளியூண்டு வேலையைச் செஞ்சிட்டு மேஸ்திரிகிட்டச் சொல்லுவான். மேஸ்திரி அதைக் கொஞ்சம் பெருசாக்கி மேல சொல்லுவான். மேனேஜர்கிட்டப் போயிச் சேரும்போது அவரே செஞ்ச மாதிரி இம்புட்டு அகலத்துக்கு இருக்கும்."

"அப்ப பாய், மேஸ்திரி எந்த வரி?" என்றார் பக்கத்திலிருந்த சீனிவாசன்.

"நடுவுல உள்ள வரிதாம்ல. நீ டைப் அடி."

சான்றிதழ்த் தேர்வுக்கு முன்னால் சென்டரிலேயே ஒரு தேர்வு உண்டு. அதில் மகாலிங்கம் சார் தேறவிட்டால்தான் சான்றிதழ். கேள்வி, கோபுரம். சீனிவாசன் மூலப்படியை ஒரு புள்ளி பிசகாமல் அடித்தார். அதாவது, கூப்பிடும் வரி இல்லாமல். சென்டரிலேயே அதிக மதிப்பெண். காதர் பாய் சரியான நிரலை அடித்தார். அவர் தாளில் ஸ்கேல் மெல்ல இறங்கி, நின்று, சிவப்புப் பேனா வெளியே வந்தது. கூப்பிடும் வரியைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் பெருக்கல்.

காதர் பாய் தாளை எடுத்துக்கொண்டு நேரே மேசைக்குப் போனார். நானும் போனேன்.

"சார், இது என்ன வட்டம்?"

"ரிப்பீட்டு. கோபுரம்ங்கிற பேரைத் தலைப்புலயும் அடிச்சு உள்ளயும் அடிச்சிருக்கீரு."

"அடிக்கல சார், கூப்பிடுதேன்."

"யாரை?"

"கோபுரத்தை."

"கோபுரத்துக்குள்ள நின்னுக்கிட்டு கோபுரத்தைக் கூப்பிடுவீராக்கும்?"

"ஆமா சார். உள்ளுக்குள்ள அதைவிடச் சின்னது ஒண்ணு இருக்கு."

மகாலிங்கம் சார் என்னைப் பார்த்தார். நல்லபடியாக வந்த ஒரு மனிதரை நான் கெடுத்துவிட்டேன் என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

"ஓட விட்டுப் பார்த்துரலாம் சார். ரெண்டு பேரு நிரலையும்" என்றேன்.

"ஓடுறது மிஷினோட வேலையம்மா. அடிக்கிறதுதான் நம்ம வேலை. மிஷினோட வேலைக்கு நான் எப்படி இவருக்கு மார்க் போட முடியும்?"

அந்தத் தாள் தேறாதவற்றின் கட்டுக்குப் போனது.

காதர் பாய் ஆலை மேனேஜரிடம் போய், ரெண்டு பேரையும் நேரில் அடிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று கேட்டார். மேனேஜர் சிக்கனமான மனிதர். கட்டணம் கட்டிய பொருளைக் கண்ணால் பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் உண்டு. வருவதாகச் சொன்னார். அன்று பிரிண்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்ததால் எல்லோரும் அங்கே போனோம். மகாலிங்கம் சார் பால்கோவா வாங்கி வைத்திருந்தார்.

முதலில் சீனிவாசன். பச்சைத் துணி திரைமேல் இருந்தது. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு அடித்தார். மழை பெய்து ஓய்ந்தது. நிரலை ஓட்டினேன். பிரிண்டர் ஒருமுறை இடமிருந்து வலமாகப் போனது. ஒரு வரி நட்சத்திரம். அவ்வளவுதான்.

எல்லோரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தோம். பிரிண்டரின் சிறிய பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"ரிப்பன் பழசு" என்றார் மகாலிங்கம் சார்.

சீனிவாசன் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். தான் அடித்ததைத் தானே பார்ப்பது அவருக்கு அநேகமாக அதுதான் முதல்முறை. "மூலப்படியில இருந்ததைத்தான சார் அடிச்சேன்?" என்றார்.

"அடிச்சதுல ஒரு தப்பும் இல்ல" என்றார் மகாலிங்கம் சார். அது உண்மை.

அடுத்து காதர் பாய். உட்கார்ந்ததும் பச்சைத் துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மகாலிங்கம் சாரின் கை முன்னால் வந்து, மேனேஜர் இருப்பதை நினைத்துத் திரும்பிப் போனது. இரண்டு விரல்களும் ஆலோசனை செய்துகொண்டு இறங்கின. மேனேஜர் பால்கோவாவை முடித்து, கைக்குட்டையில் விரலைத் துடைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தும் வரி வந்தபோது காதர் பாய், "இது ஹெல்பர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடித்தார்.

பிரிண்டர் ஒரு நட்சத்திரத்தை அடித்தது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. கோபுரம் இறங்கி வந்து, அடி வரியோடு நின்றது. தானாக நிற்கவில்லை, நிற்கச் சொல்லியிருந்தது.

மகாலிங்கம் சார் பழக்கத்தில் ஸ்கேலை எடுத்து முதல் நட்சத்திரத்துக்குக் கீழே வைத்தார். இடது பக்கம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ஸ்கேலைத் திருப்பிச் சரிவில் வைத்துப் பார்த்தார். நேராக இருந்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் இரண்டு தாள்களையும் கையில் வாங்கினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எண்ணும்போது வாய்க்குள் தெலுங்கில் எண்ணுவார். காதர் பாயின் கோபுரத்தை வரி வரியாக எண்ணி முடித்தார்.

"சீனிவாசன் வேகம்" என்றார். "பேப்பரும் ஒரு வரிதான் ஆச்சு. பாய் நல்லாத்தான் செய்றாரு. ஆனா இம்புட்டு நேரம், இம்புட்டு பேப்பர். மில்லுக்கு நட்சத்திரம் எதுக்கு?"

"சார், சீனிவாசன் நிரல் தப்பு. வர வேண்டியது வரல" என்றேன்.

"தப்புதான். ஆனா சீக்கிரமாத் தப்பு பண்ணாருல்ல? சீக்கிரமாத் திருத்திக்கலாம்."

கம்ப்யூட்டர் அறை சீனிவாசனுக்குப் போனது. காதர் பாய்க்கு ஒன்றாம் தேதியிலிருந்து புளோரூம். சீனிவாசன் அந்த இடத்தில் சந்தோஷப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கோபுரம் அடித்த தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பிரிண்டர் காதர் பாய் மடியில் இருந்தது, பேண்டேஜ் துணி சுற்றியபடி. வன்னியம்பட்டி விலக்கில் கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தபோது காதர் பாய் சொன்னார்: "டீச்சர், யாருக்கு அடின்னு இன்னைக்குக் கேட்டா என்னையக் காட்டிருங்க."

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை மலருக்குத் தந்திருக்க மாட்டேன். ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சீனிவாசன் மூலப்படி கேட்டார். அங்கே மூலப்படி இல்லை. சம்பளச் சீட்டு அச்சாக வேண்டிய முதல் மாதம், ஓவர்டைம் ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறது என்று மேனேஜர் சீனிவாசனைக் கூப்பிட்டார். சீனிவாசன் புளோரூமுக்கு ஆள் அனுப்பினார்: "பாயைச் செத்த வந்துட்டுப் போகச் சொல்லு."

செத்த நேரம் என்பது சாயங்காலம் வரை ஆனது. மறுநாளும் கூப்பிட்டார். அடுத்த வாரம் தினமும். கம்ப்யூட்டர் தூசி தாங்காது என்பதற்காக அந்த அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். மனிதர்களுக்காக அந்த ஆலையில் யாரும் அப்படி யோசித்ததில்லை. புளோரூமிலிருந்து வருகிறவர் பஞ்சோடு உள்ளே வரக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காதர் பாய் வாசலிலேயே வருகையைக் குறித்துவிட்டு, புளோரூமுக்குள் நுழையாமல் நேராக ஏசி அறைக்குப் போக வேண்டியதாயிற்று. இயந்திரத்தின் ஆரோக்கியத்தை முன்னிட்டு.

காதர் பாய் நிரலைச் சொல்லுவார். சீனிவாசன் அடிப்பார். பச்சைத் துணி கிடையாது. சம்பளச் சீட்டு சரியாக வந்தது; மேனேஜர் முதலாளியிடம் தன் கம்ப்யூட்டர் பிரிவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதாகக் கேள்வி. ஏட்டில் காதர் மைதீன் புளோரூம் ஆள்தான். அதை மாற்றினால் அன்று எடுத்த முடிவு தவறு என்று ஆகிவிடும். எனவே யாரும் மாற்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, "எப்படிப் போகுது பாய்?" என்று கேட்டேன். மூச்சு சீராக இருந்தது.

"அதே புரோகிராம்தான் டீச்சர். மேனேஜர் சீனியைக் கூப்பிடுவாரு. சீனி என்னையக் கூப்பிடுவான். எனக்குக் கூப்பிட ஆளில்ல. நிக்கிற எடம் நான்தான்."

மகாலிங்கம் சாரும் தன் வழியில் திருந்தினார். அடுத்த ஆண்டு புதிய ஸ்டென்சிலில் அந்த வரி திரும்ப வந்தது. கீழே ஒரு குறிப்பும் சேர்ந்திருந்தது: 'தலைப்புப் பெயர் உள்ளே ஒரு முறை வரலாம். இரண்டாம் முறை வந்தால் ரிப்பீட்டு.' தன்னை இரண்டு முறை கூப்பிட்டுக்கொள்ளும் நிரல்களும் உலகத்தில் இருக்கின்றன. நான் அங்கே இருந்தவரை அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

தொண்ணூறுகளின் முடிவில், நான் கல்லூரி வேலைக்கு மாறிய பிறகு, ஆலையில் ஆண்டு விழா என்று காதர் பாய் அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்தார். போனேன். நீண்ட காலம் உழைத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். காதர் மைதீன் பெயரை வாசித்ததும் மேனேஜர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"புளோரூம்ல அம்புட்டுத் தூசியில நின்னு, இத்தனை வருஷமும் இழுப்பு, இருமல்னு ஒரு நாள் லீவு எடுக்காத ஒரே ஆளு இவருதான். மத்தவங்க பாத்துக் கத்துக்கிடணும்."

புளோரூம்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்துதான் கைத்தட்டல் பலமாக வந்தது. அவர்களுக்குத் தெரியாததா? முதல் வரிசையில் சீனிவாசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது. காதர் பாய் மேடையேறி, பொன்னாடைக்குக் குனிவதற்கு முன், முகத்தைத் திருப்பிக் கைக்குட்டையை வாயில் வைத்து இரண்டு முறை இருமினார்.

விழா முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன பாய், மறுபடியும் வந்துருச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், கல்லு மாதிரி இருக்கேன்" என்றார், பொன்னாடையை மடித்தபடி. "புளோரூம் ஆளுன்னு சொல்லி இம்புட்டுப் பேரு முன்னால போத்துதாக. செத்த இருமலன்னா மரியாதையா இருக்குமா?"